‘இலட்சியவாதி’யைத் திரையிடுங்கள்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரைப்படச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், உலகத் திரைப்பட விழாக்களை நடத்திவரும் அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஸ்லோவேனிய இயக்குநர் இகோர் பிரெத்னார் 1976-இல் எடுத்த ‘இலட்சியவாதி’ என்ற திரைப்படத்தை, தமிழ் சப்டைட்டிலுடன், உங்கள் திரையிடல்களில் இடம்பெறச் செய்ய வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். இவான் ட்சான்கர் 1906-இல் எழுதிய ‘மார்ட்டின் கச்சூர்’ என்ற நாவலைத் தழுவிய படம் இது. ஸ்லோவேனியர்கள் பள்ளிப் பருவத்திலேயே அறிந்துகொள்ளும் எழுத்தாளர் ட்சான்கர். அவர் பிறந்தது 1876 மே 10. நூற்றாண்டு நிறைந்த அதே ஆண்டில் இந்தப் படம் வந்தது. ஆக, 2026-இல் எழுத்தாளருக்கு 150 ஆண்டுகள், படத்துக்கு 50 ஆண்டுகள். ஒரு படத்தைத் தேடி எடுத்துத் திரையிட இப்படியொரு தருணம் தேவையில்லை என்றாலும், உரிமை கேட்டுக் கடிதம் எழுதும்போது இது கைகொடுக்கும் என்பதால் சொல்கிறேன்.

கதை நடப்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஸ்லோவேனிய மக்கள் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிகள். மார்ட்டின் கச்சூர் புதிதாக வேலைக்கு வந்த இளம் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதோடு தன் கடமை முடிந்துவிடாது, பெரியவர்களும் படிக்க வேண்டும், ஊரில் ஒரு கல்விச் சங்கம் வேண்டும், மக்கள் தங்கள் மொழியில் செய்தியும் அறிவும் பெற வேண்டும் என்று நம்புகிறவர். சபோல்யே என்ற ஊரில் அந்த நம்பிக்கையோடு காரியத்தைத் தொடங்குகிறார். பாதிரியாருக்கும் ஊர்த் தலைவருக்கும் இது பிடிக்கவில்லை. யாருக்காகச் சங்கம் தொடங்க நினைத்தாரோ அந்த விவசாயிகளே அவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அவர் விரும்பிய பெண் அவருடைய பேச்சை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறாள். கடைசியில் தண்டனை மாற்றல் வருகிறது. பிளாத்னி தோல் என்ற, வெளிச்சமே எட்டிப் பார்க்காத சேற்று ஊருக்கு அவர் அனுப்பப்படுகிறார்.

அங்கேயும் முயன்று பார்க்கிறார். அங்கேயும் அடி விழுகிறது. தோன்ச்கா என்ற பெண்ணை மணக்கிறார், பிள்ளைகள் பிறக்கிறார்கள், குடிப் பழக்கம் வருகிறது. ஒரு மனிதன் ஒரே நாளில் விழுவதில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு சொல்லைக் குறைத்துக்கொண்டு, ஒரு சண்டையைத் தவிர்த்துக்கொண்டு, ஒரு கோப்பையைக் கூட்டிக்கொண்டு, கடைசியில் அந்தச் சேற்றில் ஒருவராகவே ஆகிவிடுகிறார். அரசு ஊழியம் பார்க்கும் எவருக்கும், முக்கியமாகத் தண்டனை மாற்றல் என்றால் என்னவென்று அறிந்த எவருக்கும், இந்தப் பகுதியை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

இந்தப் படத்தைப் பார்க்கும் நம் பார்வையாளர் ஒரு சிறு பின்னணியைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆஸ்திரியாவில் 1855-இல் திருச்சபையுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கை, தொடக்கப் பள்ளிகளைப் பாதிரியார்களின் மேற்பார்வையில் வைத்தது. 1869-இல் வந்த பள்ளிச் சட்டம் அதை மாற்றி, எட்டாண்டுக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்து, பள்ளியை அரசின் பொறுப்பாக்கியது. ஆனால் சட்டம் வியன்னாவில் இருந்தது, ஆசிரியர் கிராமத்தில் இருந்தார். ஊர்த் தலைவரின் முகமும் பாதிரியாரின் பிரசங்கமும்தான் அங்கே நடைமுறைச் சட்டம். இதே காலத்தில்தான் ஸ்லோவேனியர்கள் தங்கள் மொழிக்காக வாசகர் சங்கங்களைத் தொடங்கினார்கள். திரியெஸ்தே, மாரிபோர், லுப்லியானா ஆகிய நகரங்களில் அவை 1861-இல் தோன்றின. 1868-இல் லூத்தொமெர் ஊரில் தொடங்கிய திறந்தவெளிப் பெருங்கூட்டங்கள், ஸ்லோவேனியர்கள் எல்லோரும் ஒரே ஆட்சிப் பகுதியில் இணைய வேண்டும் என்றும், பள்ளியிலும் அலுவலகத்திலும் தங்கள் மொழி வேண்டும் என்றும் கேட்டன. நகரத்தில் வழக்கறிஞரும் வணிகரும் கூடிப் பாட்டுப் பாடி நடத்திய சங்கத்தைச் சேற்று ஊரில் ஓர் ஏழை ஆசிரியர் தனியாக நடத்த முயன்றால் என்ன ஆகும் என்பதே ட்சான்கரின் கதை.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘நல்லவன் ஒருவனை ஊர் கெடுத்தது’ என்ற, நாம் பலமுறை பார்த்த கதையாக இது தோன்றலாம். இந்தப் படத்தை நான் விடாமல் வலியுறுத்தக் காரணம் அதற்குப் பின்னால் வரும் மூன்றாம் பகுதி.

கச்சூருக்குக் கடைசியில் நல்ல ஊருக்கு மாற்றல் கிடைக்கிறது. லாசி என்பது அதன் பெயர். அவர் அங்கே வந்து சேரும்போது காலம் மாறியிருக்கிறது. எந்தச் சங்கத்தைப் பற்றிப் பேசியதற்காக அவர் துரத்தப்பட்டாரோ அத்தகைய சங்கங்கள் இப்போது எங்கும் இருக்கின்றன. எந்தச் சொற்களுக்காக அவர் அடி வாங்கினாரோ அந்தச் சொற்கள் இப்போது மேடையில் கைதட்டல் வாங்குகின்றன. தாய்மொழிப் பற்றும் நாட்டுப் பற்றும் ஆசிரியர்களுக்குத் தகுதியாகிவிட்டன, பதவி உயர்வுக்கு வழியாகிவிட்டன. அந்தக் கூட்டத்தின் நடுவே கச்சூர் யார்? பாதிரியாருக்குப் பணிந்துபோகும், குடித்துத் தடுமாறும், காலத்தோடு ஒட்டாத ஒரு பழைய மனிதர். இளைய ஆசிரியர்கள் அவரைப் பிற்போக்கானவர் என்று நினைக்கிறார்கள். ‘இதற்காகத்தானே நான் அடிபட்டேன்’ என்று அவர் சொல்ல வரும்போது, ஒரு குடிகாரனின் புலம்பலாகத்தான் அது அவர்கள் காதில் விழுகிறது.

தியாகிக்குக் கிடைக்க வேண்டிய மாலை வேறொருவர் கழுத்தில் விழுந்துவிட்டது என்ற வருத்தம் மட்டுமல்ல இது. ட்சான்கர் இன்னும் கடுமையான ஒன்றைச் சொல்கிறார். ஒரு கருத்து ஆபத்தாக இருக்கும்போது அதைச் சொல்பவர்களும், அது பாதுகாப்பாக ஆன பிறகு சொல்பவர்களும் ஒரே சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பின்னவர்கள் முன்னவர்களைக் கண்டால் சற்றே கூச்சப்படவும் செய்வார்கள். வெற்றிபெற்ற ஓர் இயக்கம் தன் முதல் ஆட்களை எப்படி மறக்கிறது என்பதை இவ்வளவு நேராகப் பேசிய திரைப்படங்கள் மிகக் குறைவு. ஸ்லோவேனியா அப்போது அங்கமாக இருந்த சோஷலிச யூகோஸ்லாவியாவில், புரட்சியே அரசாங்கமாகி 30 ஆண்டுகள் கடந்த ஒரு நாட்டில், 1976-இல் இதைப் படமாக எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூற்றாண்டு விழாவுக்கான இலக்கியப் படம் என்ற போர்வையில், தங்கள் காலத்தைப் பற்றியும் ஏதோ சொல்லிவிட்டார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ராத்கோ போலிச் என்ற நடிகருக்காக மட்டுமே கூட இந்தப் படத்தைத் திரையிடலாம். 1942-இல் பிறந்தவர், 2022-இல் மறைந்தார். முப்பதுகளின் நடுவில் இருந்த ஒருவர், படிப்பு முடித்து வரும் இளைஞனாகவும் உடல் தளர்ந்து பனியில் விழுந்து சாகும் மனிதனாகவும் ஒரே படத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஒப்பனையால் ஆகிற காரியம் அல்ல அது. பேச்சின் வேகம் மாற வேண்டும். அடுத்தவரின் கண்ணைப் பார்த்துப் பேசுபவன் கண்ணைத் தவிர்த்துப் பேசுபவனாக மாற வேண்டும். அதுவும் எந்த இடத்தில் மாறினான் என்று பார்வையாளர் விரல் வைத்துக் காட்ட முடியாதபடி மாற வேண்டும். நோயாளியான கடைக்குட்டி மகனிடம் கச்சூர் கொண்டிருக்கும் பாசமும், அந்தப் பிள்ளையின் மரணமும் வரும் பகுதியில், தோற்றுப்போன அந்த ஆசிரியருக்குள் பழைய மார்ட்டின் இன்னும் உயிரோடு இருப்பது தெரிகிறது. பிள்ளை போன பிறகு அதுவும் போய்விடுகிறது.

1977-இல் மாஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்த நடிப்புக்காகப் போலிச்சுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. ருமேனியாவின் அம்சா பெல்லேயாவும் அதே ஆண்டு அதே பரிசைப் பெற்றார். அந்த விழாவில் தங்கப் பரிசு வென்ற மூன்று படங்கள் எவை என்று பாருங்கள்: ஹங்கேரியின் சோல்தான் ஃபாப்ரி எடுத்த ‘ஐந்தாம் முத்திரை’, ஸ்பெயினின் ஹுவான் அந்தோனியோ பார்தெம் எடுத்த ‘பாலம்’, சோவியத் யூனியனின் கியோர்கி தானெலியா எடுத்த ‘மிமினோ’. இவற்றில் ‘ஐந்தாம் முத்திரை’ நம் ஊர்த் திரைப்பட ஆர்வலர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. அதன் பக்கத்திலேயே நின்று பரிசு வாங்கிய ‘இலட்சியவாதி’யின் பெயர் நம் பட்டியல்களில் தென்படுவதில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்தால் சில காரணங்கள் தெரிகின்றன. ‘யூகோஸ்லாவிய சினிமா’ என்ற ஒரே தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் அடுக்கிவைக்கும் பழக்கம் முதல் காரணம். அந்தத் தலைப்பைச் சொன்னவுடன் இயக்குநர் துஷான் மகவெயெவ் நினைவுக்கு வருவார்; 1967-இல் கான் விழாவில் பெரும்பரிசு பெற்ற அலெக்சாந்தர் பெத்ரோவிச், 1969-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது வென்ற செலிமிர் ஜில்னிக் ஆகியோர் வருவார்கள்; சாக்ரெப் நகரத்து அனிமேஷன் படங்கள் வரும். இவையெல்லாம் பெல்கிரேடையும் நோவி சாதையும் சாக்ரெபையும் சார்ந்தவை. இருபது லட்சம் பேர் பேசும் மொழியில், லுப்லியானாவின் வீபா பிலிம் நிறுவனம் எடுத்த படங்கள் அந்த வரிசையில் பின்னால் தள்ளப்பட்டன. 1957-இல் கான் விழாவில் ஜான் கிட்ஸ்மில்லருக்குச் சிறந்த நடிகர் விருது பெற்றுத்தந்த ‘அமைதிப் பள்ளத்தாக்கு’ ஒரு ஸ்லோவேனியப் படம், அதை இயக்கியவர் ஃபிரான்த்சே ஷ்டிக்லித்ஸ் என்பதைக்கூட நம்மில் பலர் தனியாக நினைவில் வைப்பதில்லை.

இரண்டாவது காரணம் பிரெத்னாரின் வாழ்க்கை. 1924-இல் பிறந்த அவர் 1977-இல், படம் வந்த மறு ஆண்டே இறந்துவிட்டார். ‘ஐந்து நிமிடச் சொர்க்கம்’, பிரேஜிஹோவ் வோரான்த்ஸின் கதையிலிருந்து எடுத்த ‘தானாய் முளைத்தவர்கள்’, ‘பொய்க்காரி’, கடைசியாக ‘இலட்சியவாதி’ என்று அவர் எடுத்த முழுநீளக் கதைப் படங்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும். தன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விழாவுக்கு விழா போய்ப் பேச இயக்குநர் இல்லை. நேர்காணல்கள் வழியே, நினைவுக் குறிப்புகள் வழியே ஒரு படம் அடையும் இரண்டாம் வாழ்வு இதற்கு வாய்க்கவில்லை.

மூன்றாவது காரணம் நம்மைப் போன்ற பார்வையாளர்களின் மனத்தில் இருக்கிறது. செவ்வியல் நாவலைத் தழுவிய படம் என்றாலே, பாடப்புத்தகத்துக்குப் படம் போட்டதுபோல் இருக்கும் என்ற முன்முடிவோடு அமர்கிறோம். புத்தகத்தைப் படித்தவர் எதை வெட்டினார்கள் என்று கணக்குப் பார்க்கிறார், படிக்காதவர் இது நமக்கில்லை என்று விலகுகிறார். ஸ்லோவேனியாவிலேயேகூட மக்களின் அன்பைப் பெற்ற இலக்கியப் படம் என்றால், இவான் தாவ்சாரின் கதையிலிருந்து மத்யாஜ் குலோப்சிச் 1973-இல் எடுத்த ‘இலையுதிர்காலப் பூக்கள்’தான் முதலில் நினைக்கப்படுகிறது. அது அழகான படம். மலைக்கிராமமும் காதலும் மனத்தில் தங்கிவிடும். ‘இலட்சியவாதி’ அப்படி யாரையும் ஆறுதல்படுத்துவதில்லை. பார்த்துவிட்டு வெளியே வருபவருக்குத் தன்னைப் பற்றியே ஒரு சந்தேகம் வரும்.

இந்த நாவலை எழுதியவரைப் பற்றியும் உங்கள் அறிமுகக் குறிப்பில் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெர்ஹ்னிகா என்ற ஊரில் ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர் ட்சான்கர். 1899-இல் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுப்பின் பிரதிகளை லுப்லியானா ஆயர் யெக்லிச் விலைக்கு வாங்கி எரித்தார். 1907-இல் சமூக ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்று தோற்றார். தெற்கு ஸ்லாவ் மக்களின் அரசியல் ஒற்றுமையைப் பற்றி 1913-இல் ஆற்றிய உரைக்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஆசிரியர்களை மையமாக வைத்து 1910-இல் அவர் எழுதிய ‘அடிமைகள்’ நாடகம் அவர் உயிரோடிருந்தவரை மேடையேறவில்லை. 1918 டிசம்பரில் இறந்தார். பிற்பாடு, சுதந்திர ஸ்லோவேனியா தன் நாணயமான தோலாரை அச்சிட்டபோது, 10,000 தோலார் நோட்டில் அவருடைய முகம் வந்தது. தலைநகரின் மிகப் பெரிய கலை அரங்கத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. எரிக்கப்பட்ட புத்தகத்தின் ஆசிரியர் பணத்தாளில் வந்து சேர்ந்த இந்தப் பாதையை, லாசி ஊரின் காட்சிகளை எழுதியபோதே அவர் ஒருவாறு ஊகித்திருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லி உங்களை அழைப்பது நேர்மையாகாது. தோன்ச்காவை ட்சான்கர் நியாயமாக நடத்தவில்லை என்பது என் கருத்து. சேற்று ஊரில் வளர்ந்த பெண் அவள். கணவன் எந்தக் கனவை இழந்தான் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளோடு அதைப் பகிர்ந்துகொள்ள அவனும் முயலவில்லை. புது ஊருக்கு வந்ததும் அவள் சிரிக்கிறாள், நல்ல உடை உடுத்துகிறாள், பிற ஆண்களோடு பழகுகிறாள். கதை அதை முழுவதும் கச்சூரின் கசப்பான கண் வழியாகவே பார்க்கிறது. படத்தில் அந்த வேடத்தில் வரும் மிலேனா சுபான்சிச், ‘இலையுதிர்காலப் பூக்க’ளின் நாயகியும் அவரே, 1976-இலேயே வெளிவந்த ‘கரோலினா ஜாஷ்லரின் விதவைக் கோலம்’ படத்தின் நாயகியும் அவரே. சிற்றூரில் மூச்சுத் திணறும் ஒரு பெண்ணின் பக்கத்தைக் குலோப்சிச்சே எடுத்த இந்த இரண்டாவது படம் எடுத்துக்கொண்டு பேசுகிறது. இதையும் ‘இலட்சியவாதி’யையும் அடுத்தடுத்த நாளில் திரையிட்டால், ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்புவதைப் பார்வையாளர்களே கண்டுகொள்வார்கள்.

கச்சூரும் குற்றமற்றவர் அல்லர். விவசாயிகளின் பசியும் கடனும் என்னவென்று கேட்காமலேயே அவர்களை விழிக்கச் செய்யக் கிளம்பியவர் அவர். அவர்களுடைய மொழிக்காகப் போராடுகிறார். அவர்களோடு பேசும்போது மட்டும் அது புத்தக மொழியாகிவிடுகிறது. படம் இதை மறைக்கவில்லை. அதனால்தான் அவர் மேல் பரிதாபத்தோடு கோபமும் வருகிறது. திரையிடலுக்குப் பிந்தைய கலந்துரையாடலில் பேச வேண்டிய முதல் விஷயமாக இதையே நான் முன்வைப்பேன்.

இனி நடைமுறை. படத்தின் பிரதிக்கும் உரிமைக்கும் லுப்லியானாவில் உள்ள ஸ்லோவேனியத் திரைப்பட மையத்தையும், அங்குள்ள சினிமாதேக் என்ற திரைப்பட அருங்காட்சியகத்தையும் அணுகலாம். புதுதில்லியில் ஸ்லோவேனியாவின் தூதரகம் இருக்கிறது. அதன் வழியாகவும் கேட்கலாம். விழாவில் இடம் கிடைத்தால், தயவுசெய்து வார நாளின் முதல் காட்சியில் போட்டு, ‘ஒரு நாட்டுக்கு ஒரு படம்’ என்ற கணக்கை நிரப்பப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்து வருபவர்கள் பார்க்கும்படி ஒரு மாலைக் காட்சி கொடுங்கள். ஆசிரியர் சங்கங்களுக்கு அழைப்பு அனுப்புங்கள். கச்சூரின் கதையை அவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய கூட்டம் வேறு இல்லை. மாவட்டத் தலைநகரங்களில் சிறிய அளவில் இயங்கும் திரைப்படச் சங்கங்களும் இந்தப் படத்தை எடுக்க வேண்டும், ஏனென்றால் இது சிற்றூரைப் பற்றிய படம்.

சப்டைட்டில் குறித்து ஒரு வேண்டுகோள். ஆங்கில வரிகளை இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழ் போதாது. பாதிரியார் பேசும் பணிவான அதட்டலும், ஊர்த் தலைவர் விளிக்கும் விதமும், கச்சூரின் மேடைப் பேச்சும் தமிழில் வெவ்வேறு குரல்களாகக் கேட்க வேண்டும். முதல் பகுதியில் அவருக்குக் கிடைக்கும் ‘நீங்கள்’ என்ற மரியாதை எந்த ஊரில் எந்த ஆளிடம் ‘நீ’ ஆகிறது என்பதைத் தமிழ் வரிகளால் ஆங்கில வரிகளைவிடத் துல்லியமாகக் காட்ட முடியும். இதற்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு ஊதியம் ஒதுக்குங்கள். நிதி இல்லையென்றால் வரிகளைச் சரிபார்க்கும் பணியை ஊதியமின்றிச் செய்ய நான் முன்வருகிறேன், என்னோடு சேர இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பிரெத்னாரின் ‘தானாய் முளைத்தவர்கள்’ படத்தையும் சேர்த்துக் கேட்டால், இரண்டு நாள் சிறு தொகுப்பாக நடத்தலாம். அது முடியாதென்றாலும் ‘இலட்சியவாதி’ ஒன்றையாவது இந்த ஆண்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்கு வந்துகொண்டிருக்கும் ஒரு பார்வையாளர்